கல் கணக்கும் மீட்டர் கணக்கும்

ஜனவரி 6, போடிநாயக்கனூர்

ஜிப்ஸி வாங்கி மூன்று வாரம் ஆகிறது. 2004 மாடல், பெட்ரோல், நான் மூன்றாவது கை. போன வாரம் டேங்க் வழிய அடித்த அதே பங்கில், அதே குழாயில் இன்று மறுபடி வழிய அடித்தேன். 33 லிட்டர் பிடித்தது. மீட்டரில் ஓடியிருப்பது 231 கிலோமீட்டர். லிட்டருக்கு 7 வருகிறது. போடிமெட்டுக்குப் போக 17 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும், உண்மைதான். ஆனால் என் ஓட்டத்தில் பாதிக்கு மேல் தேனி, சின்னமனூர் என்று சமதளம். இந்த மைலேஜில் ஏலத் தோட்டத்துக்குப் போய் வந்தால் கட்டாது.

ஜனவரி 8

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் தூக்கி இரண்டு நிமிடம் சத்தம் கேட்டார்கள். “இன்ஜின் இறங்கிருச்சு சார், போர் பண்ணி பிஸ்டன் மாத்திரணும்.” சைலன்சரில் புகை இல்லை, ஆயில் குறையவில்லை, ஏற்றத்தில் இழுவை இருக்கிறது. மனசு ஒப்பவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 11

தோட்டத்து ஜீப்புகளோடேயே காலம் கழித்த பாயிடம் போனேன். அவர் பானெட்டைத் தொடவே இல்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து முன் டயர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“இந்த டயரு வண்டியோட வந்ததில்லையே தம்பி?”

பக்கவாட்டில் 235/75 R15 என்று இருந்தது. இந்த வண்டிக்கு உரியது 205/70 R15. மீட்டர் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது, தூரத்தை அளப்பதில்லை. சின்ன டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 476 சுற்று சுற்றும், பெரியது 434 சுற்றோடு முடித்துவிடும். “மொதல்ல கல்லை வச்சு ஓட்டிப் பாத்துட்டு வாங்க. அப்புறம் மத்ததப் பேசுவோம்” என்றார்.

ஜனவரி 12

கம்பம் சாலையில் 20 கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டே ஓட்டினேன். மீட்டரில் 18.2. அப்படியானால் அன்று ஓடியது 231 அல்ல, 254. லிட்டருக்கு 7.7. ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காமல் இவ்வளவு துலங்கிவிட்டது. ஆனாலும் இது போதாது.

ஜனவரி 19

பொங்கலுக்கு ஊருக்குப் போன பையன்கள் திரும்பிய பிறகு இன்றுதான் பாய் கடை திறந்தார். தேனி வரை போய்விட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வந்து நிறுத்தச் சொல்லியிருந்தார். நிறுத்தியதும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். மூன்று வெதுவெதுப்பு. வலது முன்பக்கம் அடுப்பு மாதிரி அனல். டிஸ்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் ‘ச்ஸ்’ என்று பறந்தது. ஜாக்கி வைத்துக் கையால் தள்ளினால் அரைச் சுற்றோடு நின்றுவிடுகிறது. காலிப்பரின் பின் துருவேறி இறுகி, பேட் டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டிருந்தது. பிரேக்கைப் பிடித்தபடியே இத்தனை நாள் மலை ஏறியிருக்கிறேன்.

பிளக்கைக் கழற்றினார். நான்கிலும் அடுப்புக்கரி போலக் கரி. “பெட்ரோல் கூடுதலாப் போகுது. சூட்டு முள்ளு எதுவரைக்கும் ஏறுது?”

கால்வாசிக்கு மேல் ஏறியதே இல்லை. அதை நான் நல்லதற்கென்று நினைத்திருந்தேன். பாய் முகம் மாறியது. ரேடியேட்டர் ஹோஸ் சேரும் இடத்தில் இரண்டு போல்ட்டைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. விளிம்பில் பழைய கேஸ்கெட்டின் பிசிறு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

என்றோ ஒருநாள் வண்டி சூடாகியிருக்கும். அடைத்த ரேடியேட்டரைக் கழுவாமல் வால்வைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம் ஊரில் எத்தனையோ வண்டிகளுக்கு இந்தக் கைவைத்தியம் நடக்கிறது. வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் நிற்காமல் ரேடியேட்டருக்கு ஓடும். சமதளத்தில் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே வராது. எம்பிஎஃப்ஐ வண்டியில் பெட்ரோலை அளந்து விடும் பெட்டி, ‘இன்னும் குளிராகத்தான் இருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு, விடிகாலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொடுக்கிற கூடுதல் பெட்ரோலை நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சிலிண்டரும் சீக்கிரம் தேயும். இதை அப்படியே விட்டு போர் செய்திருந்தால் புதுப் பிஸ்டனுக்கும் இதே கதிதான்.

ஜனவரி 21

ரேடியேட்டரைக் கழுவி, 82 டிகிரியில் திறக்கும் புது வால்வு போட்டு, கூலன்ட் ஊற்றியாயிற்று. காலிப்பர் பின்னைத் தேய்த்துக் கிரீஸ் வைத்தார். ஏர் ஃபில்டர், பிளக் புதுசு. டயரில் குறைத்து வைத்திருந்த காற்றையும் சரி செய்தோம். வீடு வருவதற்குள் முள் பாதிக்கு வந்து அங்கேயே நின்றது.

பிப்ரவரி 2

அதே பங்கு, அதே குழாய். 26 லிட்டர் பிடித்தது. மீட்டரில் 246, கல் கணக்கில் 270. லிட்டருக்கு 10.4. இன்ஜினில் யாரும் கை வைக்கவில்லை.

டயரில் இன்னும் பட்டன் இருக்கிறது, அதனால் மாற்றவில்லை. தேய்கிற வரைக்கும் மீட்டர் காட்டுவதோடு பத்தில் ஒரு பங்கு கூட்டித்தான் நோட்டில் எழுதி வருகிறேன்.