முடிவுறாத சோதனை

1977ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து நெடுஞ்சாலையில் ஒரு வேன் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வானொலி அலையாகப் புறப்பட்ட தரவுகள், ஆர்ப்பாநெட் என்னும் தரைவழி வலையமைப்பில் ஏறின. அட்லாண்டிக் கடலைக் கடந்து இலண்டனைத் தொட்டன. செயற்கைக்கோள் வழியாகத் திரும்பி மீண்டும் கலிபோர்னியாவை அடைந்தன. இயல்பால் வேறுபட்ட மூன்று வலையமைப்புகள் ஒரே நெறிமுறைக்குக் கட்டுப்பட்டு உரையாடிய நாள் அது. அந்நெறிமுறைக்கு அடித்தளமிட்டவர்கள் இராபர்ட் கானும் விண்டன் செர்ஃபும் ஆவர்.

1974இல் அவ்விருவரும் வெளியிட்ட கட்டுரையின் கருத்தை ஓலைச்சுவடியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். சுவடியின் கட்டை அவிழ்த்து, ஏடுதோறும் வரிசை எண்ணும் சேருமிடமும் எழுதி, வெவ்வேறு தூதரிடம் கொடுத்தனுப்புவதாகக் கொள்வோம். தூதர் எவ்வழியும் செல்லலாம். முன்பின்னாக வந்து சேரலாம். ஒருவர் வழியில் தொலைந்தும் போகலாம். பெறுபவர் எண் பார்த்து அடுக்குவார். வந்தவற்றுக்கு ஒப்புதல் விடுப்பார். ஒப்புதல் வாராத ஏட்டை அனுப்பியவர் மீண்டும் படியெடுத்து அனுப்புவார். குறையை நிறைவு செய்யும் பொறுப்பு வழியில் இல்லை. இரு முனைகளில் இருக்கிறது. 1983 ஜனவரி முதல் நாளன்று ஆர்ப்பாநெட் முழுவதும் இந்நெறிமுறைக்கு மாறியது.

ஏட்டில் எழுதும் முகவரி எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்? சிறிய வினாவே, ஆயினும் பொறியாளர்கள் இதைப் பற்றி நெடுநாள் வாதிட்டனர். 128 பிட் வேண்டும் என்றோரும் உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையில் அத்திட்டத்தை நடத்திவந்த செர்ஃப், 32 பிட் போதும் என 1977இல் முடிவு செய்தார். அதனால் கிடைப்பவை ஏறத்தாழ 430 கோடி முகவரிகள். அன்றைய உலக மக்கள்தொகைக்குக் கிட்டத்தட்ட இணையான எண்ணிக்கை. ஒரு சோதனைக்கு இதற்கு மேல் எதற்கு என்பது அவர் எண்ணம். அந்தச் சோதனை முடியவே இல்லை என்று பின்னாளில் அவரே கூறினார். 2011 பிப்ரவரியில் மையத் தொகுப்பிலிருந்த முகவரிகள் தீர்ந்துபோயின. 128 பிட் முகவரி முன்பே வகுக்கப்பட்டிருந்தும், உலகம் இன்னும் முழுமையாக அதற்கு மாறிவிடவில்லை. அம்முடிவு தம்முடையதே எனச் செர்ஃப் பொதுமேடைகளில் தயங்காது ஒப்புக்கொண்டிருக்கிறார். தலைமைப் பொறுப்பில் இருப்போரிடம் இது எளிதில் காணக் கிடைப்பதன்று.

பதவிகளும் பரிசுகளும் அவரைத் தேடி வந்தன. 1992இல் தொடங்கப்பட்ட இணையச் சங்கத்தின் முதல் தலைவர் அவர். கானுடன் சேர்ந்து 2004ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார். 2005இல் கூகுள் நிறுவனத்தின் துணைத்தலைவரானார். எங்கும் முத்துண்டுக் கோட்டு உடையுடன் தோன்றுவது அவர் வழக்கம்.

அவ்வுடையைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது அவர் செவியில் இருக்கும் கருவி. இளமை முதலே செவித்திறன் குறைந்த அவர், பதின்மூன்றாம் வயதிலிருந்து அதனை அணிந்து வருகிறார். மனைவி சிக்ரிட், மூன்று வயதில் மூளையுறைக் காய்ச்சலால் கேட்கும் திறனை முற்றிலும் இழந்தவர். தொலைபேசி அவருக்குப் பயன்படாத பொருள். எழுத்தாக வந்துசேரும் மின்னஞ்சல் இத்தகையோருக்கு எத்துணை உதவும் என்பதைச் செர்ஃப் பிறர் சொல்லி அறிய வேண்டியிருக்கவில்லை. 1980களில் எம்.சி.ஐ. நிறுவனத்துக்காக ஒரு மின்னஞ்சல் சேவையை உருவாக்கினார். 1989இல் அது இணையத்தோடு இணைந்தது. வணிக மின்னஞ்சல் ஒன்று இணையத்தில் சேர்ந்தது அதுவே முதன்முறை.

1996இல் சிக்ரிட் உட்செவியில் ஒரு மின்கருவியைப் பொருத்திக்கொண்டார். அச்சிகிச்சை பற்றிய செய்திகளை இணையத்தின் வழியாகவே தேடி அறிந்திருந்தார். மணம் புரிந்து முப்பது ஆண்டுகள் கழிந்தபின், கணவனும் மனைவியும் முதன்முறையாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டனர்.