சேவ் பண்ணாத கடைசிப் பக்கம்

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கொம்பியூட்டர். மூணு பேர் காசு போட்டு, பதுளை டவுனில் செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். அதற்குள்ளே இன்னொரு கொம்பியூட்டரும் இருக்கிறது: வேர்ச்சுவல்பொக்ஸில் ஓடும் விண்டோஸ் எக்ஸ்பி. 2014லேயே ஆதரவு நின்றுபோன எக்ஸ்பி இப்போ எதுக்கு என்று சிரிக்காதீர்கள். தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லும் கதைகளைச் சின்னப் புத்தகமாகப் போட நினைத்தோம். அச்சுக்குப் போன இடத்தில் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்தில் கேட்டார்கள். எங்கள் விண்டோஸ் 10இல் பேஜ்மேக்கர் ஒழுங்காக ஓடவில்லை. எக்ஸ்பியில் ஓடியது.

அன்றைக்கு ராத்திரி எங்களில் ஒருத்தர் அப்பாயி சொன்னதை டைப் பண்ணிக்கொண்டிருந்தார். போனில் ரெக்கோர்ட் பண்ண அப்பாயி விடமாட்டார், கேட்டுவிட்டு வந்து சூட்டோடு சூடாக அடிக்க வேண்டும். அலுப்பில், எக்ஸ்பியை ஷட் டவுன் பண்ணாமல் "சேவ் த மெஷின் ஸ்டேட்" கொடுத்து மூடிவிட்டோம். எப்பவும் அப்படித்தான். அடுத்த நாள் விட்ட இடத்திலேயே திறக்கும்.

அடுத்த நாள், புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று ஒரு பெட்டி வந்தது. 6.1இலிருந்து 7.0. இன்னொருத்தர் சரி என்று அமுக்கிவிட்டார். நூறு எம்பிக்கு மேல். லயத்துக்குள் சிக்னல் கிடையாது, போனை எடுத்துக்கொண்டு மேட்டு ரோட்டுக்குப் போய் இறக்கினோம். வந்து போட்டால், முதலில் விஷுவல் சி++ பொதி வேண்டும் என்றது. மறுபடி மேடு, மறுபடி ரீலோட்.

எல்லாம் முடிந்து எக்ஸ்பியைத் திறந்தால் பிழைச் செய்தி. சேவ் ஸ்டேட் என்பது மெமரியில் அந்த நொடி இருந்ததை, உள்ளே இருக்கும் பொய் வன்பொருட்களின் நிலையோடு சேர்த்து அப்படியே உறைய வைப்பது. பதிப்பு மாறினால் அந்த வன்பொருட்களின் அமைப்பும் மாறலாம், பழைய உறைவைப் புதுசுக்கு வாசிக்க முடியாமல் போகலாம். இது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மென்பொருளைத் திட்டிப் பிரயோசனமில்லை, அப்கிரேட் பண்ண முதல் ஷட் டவுன் பண்ணாதது நாங்கள்தான்.

பதற்றத்தில் "டிஸ்கார்ட்" அமுக்கினோம். ஓடுகிற கொம்பியூட்டரில் வயரைப் பிடுங்குவது மாதிரி அது. பழைய 6.1ஐத் திரும்பப் போட்டிருந்தால் அந்த உறைவு திறந்திருக்கலாம் என்று பிறகுதான் படித்தோம். ஹார்ட் டிஸ்க் ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேஜ்மேக்கரும் கொஞ்சம் காப்பாற்றியது. பக்கம் மாறும்போதெல்லாம் அது தானாக ஒரு சிறு சேமிப்பு செய்துகொள்ளும், அதனால் ஐந்து பக்கங்கள் வந்தன. ஆறாவது வரவில்லை.

அந்த ஆறாவது பக்கத்தில்தான் அப்பாயியின் அண்ணன் போகிறார். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். அண்ணன் குடும்பம் அந்தப் பக்கம், அப்பாயி இந்தப் பக்கம். பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட அப்பாயி போயிருக்கிறார். தலைமன்னார் வரை கோச்சி, அங்கிருந்து கப்பல், இராமேஸ்வரம். கொண்டுபோக முடியாத அம்மிக்கல்லை அண்ணன் இவர் வாசலில் வைத்துவிட்டுப் போனாராம். ஒரு வார்த்தையும் பேசவில்லையாம்.

திரும்பப் போய், "அப்பாயி, அந்தக் கடைசிப் பகுதியை இன்னொருக்கா சொல்லுங்க" என்றோம்.

"அன்னைக்குத்தானே சொன்னேன். எழுதினதை என்னா செஞ்சீங்க?"

கொம்பியூட்டர் தின்னுருச்சு என்றோம். சிரித்தார். பிறகு சொன்னார். ஸ்டேஷன் வந்தது, கூட்டம் வந்தது, அண்ணன் பிள்ளையின் காய்ச்சல் புதிதாக வந்தது. அம்மிக்கல் வரவேயில்லை. நாங்களே எடுத்துக்கொடுத்தோம்.

"அம்மியா? அப்புடியா சொன்னேன்?" என்று வாசல் பக்கம் பார்த்தார். அங்கே பைப் போட்டுச் சிமெந்து பூசியிருந்தது.

அந்த வரியைப் போடுவதா வேண்டாமா என்று இன்னும் எங்களுக்குள் சண்டை. எக்ஸ்பியை மட்டும் இப்போ ஒவ்வொரு ராத்திரியும் ஷட் டவுன் பண்ணுகிறோம்.