அக்காவின் கேள்வி

கதாநாயகியைச் சாகவிட்டுவிட்டேன் என்று வாசகர்கள் கோபித்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதியதுண்டு. அடுத்த கதையில் ஒருத்தியைப் பிழைக்க வைத்துச் சமாதானம் செய்துகொள்வேன். ஆனால் என் அக்கா கேட்ட கேள்விக்கு அப்படிப் பரிகாரம் தேட முடியவில்லை.

அக்காவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். பிளாட்டினம் சேர்ந்த மருந்தை ஏற்றினார்கள். "கல்யாணத்துக்கு அப்பா எட்டுப் பவுன்தான் போட்டார். இப்போ பிளாட்டினமே ஏறியாச்சு" என்று சிரித்தாள். சிகிச்சை முடிந்து 6 மாதத்துக்குள் நோய் திரும்பிவிட்டது. அப்படித் திரும்பினால், அந்த மருந்துக்கு அது இனி அடங்குவது அரிது என்பது டாக்டர்கள் கணக்கு.

ஒரு நாள் பத்திரிகைத் துண்டு ஒன்றை என்னிடம் நீட்டினாள். 2012-இல் அமெரிக்காவில், பிலடெல்பியா நகரில், எமிலி வைட்ஹெட் என்ற 6 வயதுச் சிறுமி. ரத்தப் புற்றுநோய், மற்ற மருந்துகள் பலிக்கவில்லை. அவள் ரத்தத்திலிருந்தே 'டி' அணுக்களைப் பிரித்தெடுத்து, நோயைக் கண்டு பற்றும் கொக்கி முளைக்கும்படி அவற்றின் மரபணுவை மாற்றி, பெருக்கி, மறுபடி உடம்பில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

"அந்தக் குழந்தைக்கு ஆச்சே, எனக்கு ஆகாதாடா?"

'ஆகும்' என்று சொல்லிவிட வாயெடுத்தேன். வரவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். எமிலியின் நோய் ரத்தத்தில் ஓடுவது. ஏற்றிய அணுக்கள் அதை வழியிலேயே பிடித்துவிட்டன. அவை குறிவைத்த 'பி' அணுக்கள் நல்லது கெட்டது எல்லாம் அழிந்தாலும் மனிதர் உயிரோடு இருக்கலாம். சினைப்பைக் கட்டியோ வயிற்றுக்குள் கோட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறது. வருகிற அணுக்களைச் சோர்ந்துபோகச் செய்கிறது. அதன்மேல் காணும் மீசோதெலின் என்ற அடையாளம், நுரையீரலையும் இருதயத்தையும் போர்த்தியிருக்கும் நல்ல சவ்விலும் கொஞ்சம் உண்டு. திருடன் என்று எண்ணி வீட்டுக்காரனையே அடித்துவிட்டால்? அணுக்களை நேராக வயிற்றுக்குள்ளேயே செலுத்தியும் பார்க்கிறார்கள். எல்லாம் இன்னும் பரீட்சைதான்.

அக்கா சற்று நேரம் பேசவில்லை.

"அந்தக் குழந்தைக்கும் அப்போ பரீட்சைதானே?"

"ஆமாம்."

"பரீட்சைக்கு ஆள் எடுக்கறாங்களான்னு டாக்டருக்கு எழுது. எனக்கு ஆகல்லேன்னாலும், ஏன் ஆகல்லேன்னு அவங்களுக்குத் தெரியுமே."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். வயது போடும் இடம் வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"ரெண்டு வயசு குறைச்சுப் போடேன். எடுத்துக்கட்டறதுதானே உன் தொழில்?"

நான் உள்ளதையே எழுதினேன்.