நான் புதைத்த தாலந்து

எங்கள் திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. பாறைக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் நீரைத் தேடி நூற்றுக்கணக்கான அடி துளைப்பதில் எங்கள் ஊர் பெயர் பெற்றது. நீரைத் தேட இத்தனை பெரிய கருவி இருக்கிறது. ஒரு சிறுமியின் கைகளுக்குள் மறைந்து கிடக்கும் திறமையைத் தேட என்ன கருவி இருக்கிறது? இந்த ஆண்டு எங்கள் பள்ளிக் கூடைப்பந்துத் திடலில் இக்கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. அதை மகிழ்ச்சியோடு கற்றேன் என்று சொல்ல முடியாது, வெட்கத்தோடுதான் கற்றேன்.

கூடைப்பந்து பிறந்த கதை நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளே விளையாடுவதற்காக, பழக்கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடி விளிம்பில் மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதனைப் பெண்களுக்கும் கற்றுத் தந்தார். அன்று கூடை இருந்த உயரம் பத்து அடி. இன்றும் வளையம் இருக்கும் உயரம் அதே பத்து அடி. ஆகவே, "இது நெட்டையர்களின் ஆட்டம்" என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் என்.பி.ஏ. அணியொன்று முதன்முதலாக இந்தியாவில் பிறந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. பஞ்சாபின் ஒரு சிற்றூரைச் சேர்ந்த அந்த சத்னாம் சிங்கின் உயரம் ஏழடிக்கும் மேல்!

என் உயரம் ஐந்தடி ஏழங்குலம். வகுப்பிலே கடைசி வரிசை. திடலிலே முதல் வரிசை. ஏழாம் வகுப்பு முதல் அணியில் இருக்கிறேன். இந்த ஆண்டு அணித் தலைவியும் நானே. எங்கள் பள்ளியில் யாருக்காவது திறமை இருக்கிறதென்றால் அது எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன். மற்றவர்களும் அப்படித்தான் நம்பினார்கள்.

ஜூலை மாதத்தில் ஒருநாள் எங்கள் உடற்கல்வி ஆசிரியை எங்களைத் திடலருகே மரத்தடியில் அமர்த்திப் பேசினார். சேலத்திலுள்ள ஒரு பயிற்றுநர் சனிக்கிழமை தோறும் இளம் வீராங்கனைகளுக்குப் பயிற்சி தருகிறாராம். ஒவ்வொரு பள்ளிக்கும் நேரில் வந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. எனவே பள்ளிக்கு ஒரு மாணவியின் ஆட்டத்தைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்.

"கைபேசியில் பார்த்து எப்படி மிஸ் கண்டுபிடிப்பார்கள்?" என்று ஒருத்தி கேட்டாள்.

அதற்கு ஆசிரியை சொன்ன செய்திகள் எனக்குப் புதுமையாக இருந்தன. 2018 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் புதிய கைபேசிகளை அறிமுகம் செய்த மேடையில் 'ஹோம்கோர்ட்' என்ற செயலியைக் காட்டினார்கள். வளையமும் ஆடுபவரும் தெரியும்படி கைபேசியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் போதும். பந்து எது, வளையம் எது, ஆள் எது என்று அந்தச் செயலியே அடையாளம் கண்டுகொள்ளும். எத்தனை முறை எறிந்தார், எத்தனை உள்ளே விழுந்தது, எந்த இடத்திலிருந்து எறிந்தார், பந்து எந்தக் கோணத்தில் கையை விட்டுப் போனது என்றெல்லாம் கணக்கிட்டுச் சொல்லிவிடும். 2020-ஆம் ஆண்டில் என்.பி.ஏ. அமைப்பு அந்தச் செயலியை உருவாக்கியவர்களுடன் கைகோத்தது. உலகின் எந்த மூலையில் இருக்கும் இளைஞரையும் கண்டறிய இத்தகைய கருவி உதவும் என்பதே அவர்கள் எண்ணம்.

நம் நாட்டிலும் 2019 பிப்ரவரியில் 'கேலோ இந்தியா' செயலி வந்தது. ஐம்பது மீட்டர் ஓட்டம், அறுநூறு மீட்டர் ஓட்டம், உட்கார்ந்தபடி கைநீட்டித் தொடுதல், தண்டால் போன்ற சோதனைகளைப் பள்ளியிலேயே நடத்தி, ஒவ்வொரு பிள்ளையின் உடல்திறனையும் பதிவு செய்வதற்கு அதில் வழி இருந்தது.

ஆப்பிள் மேடையில் அந்தச் செயலியை அறிமுகம் செய்ய வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் நாஷ். அவர் கதையைக் கேளுங்கள். கனடாவில் வளர்ந்த அவர் பள்ளி மாணவராக இருந்தபோது, அவருடைய பயிற்றுநர் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதினாராம். ஒன்றும் பயனில்லை. கடைசியில், இயேசு சபையினர் நடத்தும் சான்டா கிளாரா பல்கலைக்கழகம் மட்டும் அவர் ஆட்டத்தின் ஒளிநாடாவைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. பிறகு அதன் பயிற்றுநர் நேரில் வந்தும் பார்த்து அவரைச் சேர்த்துக்கொண்டார். ஆட்டக்காரர்களிடையே நெட்டையர் அல்லாத அந்த நாஷ்தான் பின்னாளில் இரண்டு முறை என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்றார். ஒரு காலத்தில் ஒளிநாடா செய்ததை இன்று கைபேசி செய்கிறது.

இதைக் கேட்டதும் எங்களுக்கு உற்சாகம் பொங்கியது. ஆனால் விலை உயர்ந்த கைபேசிக்கு எங்கே போவது? "செயலி எண்ணாவிட்டால் என்ன? நீங்களே எண்ணுங்கள். கணக்குப் பாடம் எதற்கு இருக்கிறது?" என்றார் ஆசிரியை. அவருடைய சாதாரணக் கைபேசியையே எடுத்துக்கொண்டோம். வேதியியல் ஆய்வகத்திலிருந்து இரும்புத் தாங்கி ஒன்று வாங்கிவந்து, ஒருத்தியின் தலை ரிப்பனால் கைபேசியை அதில் கட்டினோம். சுண்ணக்கட்டியால் ஐந்து இடங்களில் வட்டம் போட்டோம். ஒவ்வோர் இடத்திலிருந்தும் பத்துப் பந்து. ஆக மொத்தம் ஐம்பது. பன்னிரண்டு மாணவியர். படமெடுப்பதும் கணக்கெழுதுவதும் அணித் தலைவியாகிய என் பொறுப்பு.

எனக்கு 24 விழுந்தன. அதற்குமேல் யாருக்கும் விழவில்லை. மனம் நிறைந்திருந்தது. கடைசியாக எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி வந்தாள். (தன் பெயரை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள்.) என் தோளுக்குக்கூட வரமாட்டாள். பந்து பொறுக்கிக் கொடுப்பதும் தண்ணீர்க் குடம் எடுத்து வருவதுமே அணியில் அவள் வேலையாக இருந்தது. "போடட்டுங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் நெஞ்சிலிருந்து பந்தைத் தள்ளினாள். விழுந்தது. மறுபடியும் விழுந்தது. நோட்டில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தேன். முடிவில் கூட்டிப் பார்த்தபோது 31.

மற்ற மாணவியர் அதற்குள் கலைந்துவிட்டனர். ஆசிரியை அலுவலகத்துக்குப் போயிருந்தார். அவள் ஓடிவந்து, "எனக்கு எத்தனைங்க்கா விழுந்துச்சு?" என்றாள்.

"இருபத்தொண்ணு" என்றேன்.

"அவ்வளவுதானுங்களா? நெறைய விழுந்த மாதிரி இருந்துச்சுங்க்கா" என்று சிரித்துக்கொண்டே பந்துகளை எடுத்து வைக்கப் போனாள். கூட்டுத்தொகை எழுதும் கட்டத்தில் நான் 21 என்று எழுதினேன். மூன்றை இரண்டாக்குவது எத்தனை எளிது! பன்னிரண்டு படங்களையும் ஆசிரியை உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை. என் நோட்டை நம்புவார். அப்படியே நடந்தது. "உன் படத்தைத் திங்கட்கிழமை அனுப்பிவிடுகிறேன்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவள் எறிந்த பந்துகளில் ஒன்றுகூடக் குறையாமல் அந்தக் கைபேசிக்குள் இருக்கின்றன. பொய் சொன்னது கைபேசி அன்று, நான்தான் என்ற நினைவு மீண்டும் மீண்டும் வந்தது.

மறுநாள் நன்னெறி வகுப்பு. சிஸ்டர் அன்று எடுத்துக்கொண்டது தாலந்து உவமை. தலைவன் தந்த பணத்தைப் பெருக்காமல் மண்ணில் புதைத்து வைத்த ஊழியனைப் பற்றிச் சொன்ன பிறகு, "திறமைக்கு ஆங்கிலத்தில் 'டேலண்ட்' என்கிறோமே, அந்தச் சொல்லே இந்தத் தாலந்திலிருந்து வந்ததுதான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. அந்த ஊழியன் புதைத்தது தன்னிடம் தந்ததை. நானோ இன்னொருத்திக்கு இறைவன் தந்ததையல்லவா புதைத்துவிட்டேன்!

மாலையில் ஆசிரியையிடம் சென்று உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கைபேசியை எடுத்து அவளுடைய படத்தை ஓடவிட்டு, "எண்ணு" என்றார். ஆசிரியைகள் அறையில் எல்லோர் முன்னிலையிலும் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை உரக்க எண்ணினேன். என் வாழ்நாளில் அதைவிட நீளமான எண்ணிக்கை வேறில்லை. "என்னிடம் சொல்லிவிட்டாய், நல்லது. ஆனால் மன்னிப்புக் கேட்க வேண்டியது என்னிடம் அல்ல" என்றார்.

திடலில் வலையைக் கட்டிக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சொன்னேன். கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சேனுங்க்கா" என்றாள். கோபித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கள் தலைமைச் சிஸ்டர் இந்தப் படங்களுக்கு ஒரு விதி வைத்திருந்தார். ஆசிரியையின் கைபேசியைத் தவிர வேறெதிலும் அவை இருக்கக் கூடாது. பெற்றோர் சம்மதமின்றி ஒருவர் படமும் வெளியே போகக் கூடாது. ஆகவே சனிக்கிழமை ஆசிரியையும் நானும் அவள் வீட்டுக்குச் சென்றோம். அவள் தந்தை விசைத்தறியில் இரவு வேலை பார்ப்பவர். தூங்கி எழுந்த கண்களோடு வாசலுக்கு வந்தார். "சேலமெல்லாம் எப்படிங்க டீச்சர் அனுப்பறது? பொம்பளப் புள்ள. அதுக்கு என்ன வெளையாடத் தெரியும்? வீட்டுல வாயே தொறக்காதுங்க" என்றார்.

ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் கைபேசியை அவர் கையில் கொடுத்தார்.

அவர் பார்த்தார். பஞ்சுத் தூசி படிந்த விரல்களால் கைபேசியை இறுகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பள்ளி நேரத்தில் அவர் உறங்குவார். அவர் வேலைக்குப் போகும்போது அவள் வீடு திரும்பியிருப்பாள். மகள் ஆடுவதை அவர் ஒருநாளும் கண்டதில்லை. "இது எம்புள்ளைங்களா?" என்றார். பிறகு, "மறுக்கா ஒருதரம் போடுங்க டீச்சர்" என்றார். மூன்று முறை பார்த்தார். மூன்றாம் முறை, அடுப்படியில் இருந்த மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார். "போயிட்டு வரட்டுங்க. ஆனா தொணைக்கு ஆள் வேணும்" என்றார்.

துணைக்குப் போகிறவள் நான்தான். பொதுத் தேர்வு ஆண்டாயிற்றே என்று என் அம்மா கவலைப்பட்டார். பேருந்திலேயே படிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சங்ககிரி வழியாகச் செல்லும் பேருந்தில் அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில், மடியில் சமூக அறிவியல் புத்தகம்.

முதல் நாள் சேலத்துப் பயிற்றுநர் அவளை எப்படிச் சோதித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பந்தெறிவதை அவர் கொஞ்ச நேரமே பார்த்தார். பெரிய பெண்கள் நால்வரோடு அவளை ஆடவிட்டார். யாருக்குப் பந்து கொடுக்கிறாள், விழுந்தால் எப்படி எழுகிறாள், பந்து கையில் இல்லாதபோது எங்கே ஓடுகிறாள் என்று கவனித்தார். "இதெல்லாம் அந்தப் படத்தில் தெரியாதம்மா. படம் என்னைக் கூப்பிட்டது; அவ்வளவுதான்" என்றார். இரண்டு கையால் எறிவதை ஒரு கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், கால்களுக்கு வலு சேர்க்க வேண்டும் என்று சொல்லி, வாரந்தோறும் வரச் சொன்னார். நாளை அவள் எந்த அணியில் ஆடுவாள் என்று எனக்குத் தெரியாது. கைபேசியில் படமெடுக்கும் வழக்கம் வருவதற்கு முன்பே ஆடத் தொடங்கி, இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சென்னை வீராங்கனை அனிதா பால்துரையைப் பற்றிப் பேருந்தில் அவளிடம் சொன்னேன். "அவங்களுக்கு யாருங்க்கா எண்ணுனாங்க?" என்று கேட்டாள். யாரோ ஒருவர் சரியாக எண்ணியிருக்க வேண்டும் என்றேன்.

அன்புத் தோழியரே, கைபேசி நம்மைக் கெடுக்கிறது என்று பெரியவர்கள் சொல்வதைத் தினமும் கேட்கிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், தேர்வாளர் கால் வைக்காத ஊரிலிருந்தும் ஒரு சிறுமியைச் சேலத்துக்கும் சென்னைக்கும் காட்ட அதனால் முடியும். விசைத்தறி ஓட்டும் ஒரு தந்தைக்கு அவருடைய மகளையே காட்டவும் முடியும். அதற்குப் பொறாமை இல்லை. நெட்டை குட்டை தெரியாது. பொறாமையெல்லாம் நோட்டுப் புத்தகத்தைப் பிடித்திருக்கும் நம்மிடம்தான் இருக்கிறது.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 21-ஐ அடித்து, பக்கத்தில் சிவப்பு மையால் 31 என்று எழுதி, கீழே என் கையொப்பமும் இட்டிருக்கிறேன். அடுத்த ஆண்டு அணித் தலைவியாகப் போகிறவளிடம் அந்தப் பக்கத்தைக் கிழிக்காமலேயே ஒப்படைப்பேன்.