ஜீன்ஸுக்கு ஓர் அளவு ஜாக்கெட்

புது ஜாக்கெட் தோளில் இறங்கினாலோ அக்குளில் பிடித்தாலோ எந்தப் பெண்ணும் தன் உடம்பைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. நேராகத் தையல் கடைக்கு வருவாள். “அளவு ஜாக்கெட் குடுத்தும் இப்படித் தச்சு வச்சிருக்கீங்களே அக்கா” என்று உரிமையோடு சண்டை பிடிப்பாள். நாங்களும் வாங்கிப் பிரித்து, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்து, விட வேண்டிய இடத்தில் விட்டுக் கொடுப்போம். அதே பெண் ஜீன்ஸ் வாங்கப் போகிறாள். டிரயல் ரூமில் அது தொடையோடு நின்றுவிடுகிறது. அல்லது தொடையில் ஏறி, பின்னிடுப்பில் ஒரு கை நுழையும் அளவுக்குப் பிளந்து நிற்கிறது. கடைக்காரரை அவள் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொள்கிறாள். “என் உடம்புக்கு ஜீன்ஸெல்லாம் சரிவராது” என்று சொல்லிவிட்டு, முழங்கால் வரை மறைக்கும் குர்தி ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறாள்.

மதுரையில் நெடுங்காலம் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான். இந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. ஜாக்கெட்டில் தைத்தவரிடம் கேட்கிற கேள்வியை ஜீன்ஸிலும் தைத்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஜீன்ஸ் பிறந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற சிற்றூரில் ஜேக்கப் டேவிஸ் என்றொரு தையல்காரர் இருந்தார். 1870-71 குளிர்காலத்தில் ஒரு விறகுவெட்டியின் மனைவி அவர் கடைக்கு வந்தார். கணவருக்குப் பருத்த உடம்பு. ஆயத்த ஆடைக் கடையில் அவர் அளவுக்குக் கால்சட்டை கிடைக்கவில்லை. நீர்கோத்து வீங்கும் நோய் வேறு இருந்ததால் அவரால் கடைக்கு வந்து அளவு கொடுக்கவும் முடியவில்லை. டேவிஸ் சொன்னபடி மனைவியே வீட்டில் கயிற்றால் அளந்து கொண்டுவந்து கொடுத்தார். எளிதில் கிழியாமல் வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். டேவிஸ் கெட்டியான வெள்ளைக் கான்வாஸ் துணியில் தைத்து, பாக்கெட் முனைகளில் செப்பு ரிவெட் அடித்துக் கொடுத்தார். அது ஊரெல்லாம் பேசப்பட, தனக்குத் துணி விற்ற சான் பிரான்சிஸ்கோ வியாபாரி லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20 அன்று காப்புரிமை வாங்கினார். இன்று உலகம் உடுத்தும் ஜீன்ஸின் முதல் முன்னோடி, கடையில் அளவு கிடைக்காத ஓர் உடம்புக்காக அளவெடுத்துத் தைக்கப்பட்டது. டிரயல் ரூமில் கண் கலங்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து ஜீன்ஸின் பின்னிடுப்பில் ஒரு சின்னப் பட்டையும் பக்கிளும் இருக்கும். இடுப்பு தளர்ந்தால் அதை இழுத்து இறுக்கிக்கொள்ளலாம். பெல்ட் போட லூப் வைத்தது 1922-இல்தான். இரண்டாம் உலகப் போரின்போது துணியையும் உலோகத்தையும் மிச்சம் பிடிக்க ஸ்ட்ராஸின் லீவைஸ் கம்பெனி அந்தப் பட்டையை எடுத்துவிட்டது. இன்று பெண்கள் எல்லோரும் அலுத்துக்கொள்ளும் அந்தப் பின்னிடுப்பு இடைவெளி அன்றைக்கே தைப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதற்கு வழியும் செய்து வைத்திருந்தார்கள். பெண்களுக்கென்று தனியாக லீவைஸ் ஜீன்ஸ் தைத்தது 1934-இல்தான். அறுபது ஆண்டுகள் ஆண்களின் இடுப்பை வைத்தே வெட்டிப் பழகிய ஆடை அது.

சரி, இந்த 28, 30, 32 எண்கள்? அவற்றுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கலாம்? அமெரிக்க வேளாண் துறை 1939-40-இல் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒருவருக்கு 59 அளவுகள் வீதம் அளந்தது. ஆயத்த ஆடைகளுக்கு ஒரு பொது அளவு காண்பது நோக்கம். வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் கணக்கை அடிப்படையாக வைத்து 1958-இல் ஒரு தர அளவு வெளியிட்டார்கள். அது நடைமுறைக்குப் பொருந்தாமல் போகவே 1983-இல் அதையும் திரும்பப் பெற்றார்கள். அதன்பின் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஓர் அட்டவணை வைத்துக்கொண்டது. அதனால்தான் ஒரு கடையின் 30 இன்னொரு கடையில் 32 ஆகிறது. நம் நாட்டிலும் நெடுங்காலம் அயல்நாட்டு அட்டவணைகளைத்தான் வெட்டிச் சுருக்கிப் பயன்படுத்தி வந்தோம். 25,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களை முப்பரிமாணக் கருவியால் அளக்கும் இலக்கோடு தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் ‘இந்தியா சைஸ்’ திட்டத்தைத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். நம்மை அளக்காமல் போட்ட ஓர் எண்ணைப் பார்த்து நம் பிள்ளைகள் ஏன் கூனிக் குறுக வேண்டும்?

இனித் தொழிலுக்கு வருகிறேன்.

ஜீன்ஸ் வாங்கும் முன் வீட்டில் டேப் எடுத்து இரண்டு இடங்களை அளந்துகொள்ளுங்கள். ஒன்று, இடுப்பு. இரண்டு, பின்பக்கம் அதிகம் பருத்திருக்கும் இடத்தைச் சுற்றி. நாங்கள் அதை ‘சீட்’ என்போம். பெரும்பாலான அட்டவணைகள் இந்த இரண்டுக்கும் 9 அல்லது 10 அங்குல வித்தியாசம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு வெட்டப்படுகின்றன. உங்களுக்கு இடுப்பு 28, சீட் 41 என்றால் வித்தியாசம் 13. எந்த எண்ணை எடுத்தாலும் ஓரிடம் பிடிக்கும், ஓரிடம் தொங்கும். 2010-இல் லீவைஸ் இந்த வித்தியாசத்தை வைத்தே சில வகைகளைப் பிரித்துக் கொண்டுவந்தது. யோசனை நல்லது. ஆனால் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் அப்படிக் கிடைப்பதில்லை. எனவே தையல்காரர் தேவைப்படுவார். அதில் குறைவொன்றும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஜாக்கெட்டில் உள்ளே துணி விட்டுத் தைப்போம். பிறகு பிரித்து விடலாம். ஜீன்ஸில் அப்படி விடுவதில்லை. ஓரத்தை மடித்து மடித்து இரட்டைத் தையல் போட்டு அடைத்திருப்பார்கள். அதில் பிடிக்க முடியும், விட முடியாது. ஆகவே உடம்பில் எந்த இடம் பெரிதோ அந்த இடத்துக்குப் பொருந்துவதை வாங்கி, மற்ற இடங்களைப் பிடிக்கக் கொடுக்க வேண்டும். சீட்டும் தொடையும் பெரிதென்றால் அவற்றுக்கு வாங்குங்கள். இடுப்பு தொளதொளவென்று இருக்கட்டும். “ரெண்டு சைஸ் ஏத்தி வாங்கணுமா?” என்று முகம் சுண்டிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே தைத்திருக்கும் அளவு லேபிளை அன்றைக்கே கத்தரித்துப் போடுங்கள். போட்டு நடக்கும்போது எண் யாருக்கும் தெரியாது, பொருத்தம்தான் தெரியும்.

இடுப்பைப் பிடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. சில கடைகளில் இடுப்புப் பட்டியை மட்டும் மடித்து ஒரு தையல் ஓட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அது முதுகில் குத்தும், பார்க்கவும் அசிங்கம். பின்பக்க நடு லூப்பை எடுத்து, பட்டியைத் திறந்து, நடுத்தையலைச் சீட்டின் வளைவு வரை பிரித்து, மேலே அதிகமாகவும் கீழே போகப் போகக் குறைவாகவும் பிடித்து, மறுபடி பட்டி வைத்து லூப் அடிக்க வேண்டும். ஒன்றரை அங்குலம் வரை இப்படிப் பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட்டுகள் இரண்டும் நெருங்கி வந்துவிடும். பக்கத் தையல்களிலும் கொஞ்சம் பகிர்ந்து பிடிக்கச் சொல்லுங்கள். கெட்டித் தையலைச் சுத்தியலால் தட்டிப் படிய வைத்து, 16 அல்லது 18-ஆம் நம்பர் ஊசி போட்டு ஓட்டுகிறவர்தான் ஜீன்ஸ் தெரிந்தவர். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை துவைத்துக் காயவைத்துவிடுங்கள். பருத்தி சுருங்கும், பிடித்த பிறகு சுருங்கினால் செலவழித்ததெல்லாம் வீண்.

பட்டிக்குக் கீழே, பின்பாக்கெட்டுக்கு மேலே, நடுவில் தாழ்ந்து ‘வி’ போல வரும் ஒரு துண்டைக் கவனித்திருப்பீர்கள். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். ஜாக்கெட்டில் டாட் பிடித்து மார்புக்கு வளைவு கொடுப்பது மாதிரி, ஜீன்ஸில் பின்பக்க வளைவைக் கொடுப்பது அந்தத் துண்டுதான். அது ஆழமாக இறங்கியிருந்தால் வளைவு உள்ள உடம்புக்குச் சேரும். நேர்கோடாக இருந்தால் தட்டையான உடம்புக்கு. ஹேங்கரில் தொங்கும்போதே பார்த்துத் தள்ளிவிடலாம். டிரயல் ரூம் அலைச்சல் பாதி குறையும்.

வயிறும் இடுப்பும் பெருத்து, கால்கள் மெலிந்த உடம்புக்குக் கணக்கு தலைகீழ். பிள்ளை பெற்றவர்களில் பலர் இப்படித்தான் இருக்கிறார்கள். இடுப்புக்குச் சரியாக இருப்பதை வாங்கி, முழங்காலுக்குக் கீழே உள்கால் தையலில் பிடிக்கக் கொடுங்கள். பட்டி அகலமாக, வயிற்றின் மேல் பாதி வரை ஏறி நிற்பதாகப் பாருங்கள். வயிற்றுக்குக் கீழே இறங்கி நிற்கும் பட்டி வயிற்றை வெளியே தள்ளிக் காட்டும். நாள் முழுக்க மேலே இழுத்து விட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். குட்டையானவர்கள் நீளத்தை மட்டும் வெட்டினால் போதாது, முழங்கால் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். முழங்காலில் ஒடுங்கும் வெட்டு கெண்டைக்காலில் போய் ஒடுங்கினால் கால் இன்னும் குட்டையாகத் தெரியும்.

துணியைப் பற்றியும் சொல்கிறேன். லேபிளில் பருத்தி 98, எலாஸ்டேன் 2 என்றிருந்தால் நம் உடம்புக்குப் போதும். நூறு சதவீதப் பருத்தி உழைக்கும், ஆனால் வளைவுள்ள உடம்பில் ஓரிடம் இறுக்கும். எலாஸ்டேன் கூடிப்போனால் நான்கு மாதத்தில் முழங்கால் புடைத்து, சீட் தொங்கிவிடும். கடையிலேயே துணியை இழுத்து விட்டுப் பாருங்கள். பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் திரும்ப வைத்துவிடுங்கள். பின்பாக்கெட்டும் முக்கியம். சின்னதாக, தள்ளித் தள்ளி வைத்திருந்தால் பின்பக்கம் விரிந்து தெரியும். உள்ளங்கை அளவில், சீட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தால் எந்த உடம்புக்கும் எடுப்பாக இருக்கும்.

போட்டுப் பார்க்கும்போது நின்று பார்த்தால் மட்டும் போதாது. உட்காருங்கள், குனியுங்கள், ஸ்கூட்டி ஓட்டுவதுபோலக் கால்களை வையுங்கள். பின்பட்டி கீழே இறங்கினால் கவட்டையிலிருந்து பின்னிடுப்பு வரையுள்ள உயரம் பத்தவில்லை. அதை எந்தத் தையல்காரராலும் கூட்டித் தர முடியாது. குறுக்கே இழுத்த கோடுகள் விழுந்தால் அந்த இடம் இறுக்கம். நெடுக்கே மடிப்பு விழுந்தால் அங்கே துணி மிச்சம், பிடித்துக்கொள்ளலாம். துணி தானே எங்கே பிசகு என்று காட்டிவிடும், கண்ணாடியில் உங்கள் முகத்தைப் பார்ப்பதை விட்டு அந்தக் கோடுகளைப் பாருங்கள்.

டிரயல் ரூமுக்கு வெளியே நிற்கும் அம்மாக்களிடம் எனக்கு ஒரு பேச்சு இருக்கிறது. கதவு திறந்ததும் “கொஞ்சம் இளைச்சா நல்லா இருக்கும்” என்று சொல்கிறீர்கள். நீங்கள் சொல்வது பாசத்தில்தான், எனக்கும் தெரியும். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோகிறது, மறுநாள் காலைச் சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறது. தொடை அகலம் பாட்டியிடமிருந்து வந்திருக்கும், குட்டை உயரம் அப்பாவிடமிருந்து வந்திருக்கும். அதற்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? என் பேத்தியோடு கடைக்குப் போனபோது அவள் உள்ளிருந்து, “அம்மாச்சி, இது ஏறல” என்றாள். “அந்த வெட்டு சரியில்லம்மா, அடுத்ததப் போடு” என்றேன். அவள் கேட்டதும் துணியைப் பற்றி, நான் சொன்னதும் துணியைப் பற்றி. அதோடு முடிந்தது.

இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று பீரோவில் மடித்து வைத்திருக்கும் பழைய ஜீன்ஸையும் எடுத்து யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பிள்ளை பெற்ற உடம்பு, தைராய்டு மாத்திரை சாப்பிடும் உடம்பு, ஐம்பதைத் தாண்டிய உடம்பு எல்லாமே இன்றைக்கு உடுத்த வேண்டிய உடம்புகள். அவற்றுக்கு இன்றைய அளவில் நல்ல உடுப்பு வேண்டும். ஆரோக்கியத்துக்காக நடக்கிறீர்கள், சாப்பாட்டைக் குறைக்கிறீர்கள் என்றால் செய்யுங்கள். உடம்பு மாறினால் மறுபடி பிடித்துக்கொள்ளலாம், நூலும் ஊசியும் எதற்கு இருக்கின்றன?

பொருந்திய ஜீன்ஸ் ஒன்று கிடைத்துவிட்டால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு, சீட், தொடை, முழங்கால், கவட்டையிலிருந்து முன்னும் பின்னும் உள்ள உயரம், உள்கால் நீளம் எல்லாவற்றையும் அளந்து எழுதி வையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த ஜீன்ஸையே பையில் போட்டுக்கொண்டு போய், புதியதன் மேல் விரித்து வைத்துப் பாருங்கள். அது நைந்து போகும் காலத்தில் தூக்கிப் போடாமல் தையல்காரரிடம் கொடுத்து, தையல்களைப் பிரித்து, காக்கித் தாளில் அதன் வடிவத்தை வெட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டெனிம் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. சிறிய கடைகளில் கூட அளவு கொடுத்தால் ஜீன்ஸ் தைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள்; கேட்டுப் போகிறவர்கள்தான் குறைவு.