பச்சைப் பலகையும் பழைய செவர்லேயும்

சரக்கு வண்டி என்றாலே பின்தளம் இரும்புத் தகடுதான் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. அமெரிக்காவில் 1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த செவர்லே 3100 பிக்கப்பைப் பார்த்தால் அந்த நினைப்பு மாறிவிடும். பக்கச் சுவர் இரும்பு, கதவு இரும்பு, அடியில் குறுக்குச் சட்டமும் இரும்பு. ஆனால் தளம் மட்டும் மரப்பலகை! பலகைகளுக்கு நடுவே நீளவாக்கில் இரும்புப் பட்டைகள். மூட்டையைத் தள்ளினால் பட்டை மேல் சறுக்கிக்கொண்டு போகும், மரம் தேயாது. ஒரு பலகை உடைந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். தகடு என்றால் நசுங்கும், தண்ணீர் தேங்கும், துரு பிடிக்கும். அந்தக் காலத்து ஆட்கள் முட்டாள்கள் இல்லை சார்!

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928 முதல் 1954 வரை பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்றது. அப்படி வந்த வலதுபக்க ஸ்டியரிங் வண்டிகளில் ஒன்று, 1951 மாடல், நான் பயிற்சிக்குப் போயிருந்த நாமக்கல் பாடி பட்டறைக்கு வந்து சேர்ந்தது. யாரோ ஒரு புண்ணியவான் மரத்தை எடுத்துவிட்டுத் தகடு அடித்திருந்தார். அந்தத் தகடு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. வண்டிக்காரர் பழைய கார் அணிவகுப்புக்கு ஓட்டிப் போக வேண்டும் என்றார். "மாசக் கடைசிக்குள்ள தேக்குல தளம் போட்டு, கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடிச்சுக் குடுத்துருங்க." கையில் இருந்தது இருபது நாள்.

பட்டறையில் மரவேலைக்கு மிச்சம் இருந்தவர் ஒரே ஒரு ஆசாரி. ஒரு காலத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்களாம். இப்போது இரும்புத் தளமும், கம்பெனியிலிருந்தே பாடியோடு வரும் லாரியும் பெருகிவிட்டதில் அவருக்கு மாதத்தில் பாதி நாள் வேலை கிடையாது. வேலை முடிந்தால்தான் கூலி. அப்படிப்பட்டவர், டெப்போவிலிருந்து வந்த பலகையைக் கையில் தூக்கிப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார், முகர்ந்தார். "காயலீங்க. இத நான் பூட்டமாட்டேன்" என்று உளியைக் கீழே வைத்துவிட்டார்.

முதலாளிக்குக் கோபம். "காஞ்ச மரம்னு சொல்லித்தான குடுத்தான்? கொஞ்சம் சுருங்குனா என்ன, இடைவெளியப் பட்டை மறைச்சுரும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பட்டை 32 மி.மீ. அகலம், இடைவெளி 10 மி.மீ.தான். ஆசாரி விடவில்லை. "சந்த மறைக்கும், வளையுறத மறைக்குமா? கனமும் கொறையும், போல்ட்டு லூசாவும், ஓடுனா தளமே தாளம் போடும். வார்னிஷ் உள்ள ஈரத்தப் பூட்டி வெச்சா கொப்புளம் கிளம்பும். அப்பறம் எவன் பேரு கெடும்?"

எனக்கு ஆசாரி சொல்வதுதான் சரி என்று பட்டது. ஆனால் "பட்டது" என்பதை வைத்து வண்டிக்காரரைச் சமாளிக்க முடியுமா? உபரியாக இருந்த ஒரு பலகையில், முனையிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி, 2 செ.மீ. அகலத்தில் குறுக்காக ஒரு துண்டு அறுத்துத் தரச் சொன்னேன். (முனை சீக்கிரம் காய்ந்துவிடும், அங்கே எடுத்தால் கணக்கு பொய் சொல்லும்.) உடனே எடை போட்டோம். 62 கிராம். அதைப் பாலிதீன் பையில் சுற்றி நம் கல்லூரிக்குக் கொண்டு வந்தேன். சிவில் நண்பர்கள் மண் காய வைக்கும் அடுப்பை 103 டிகிரியில் வைத்து, எடை இனிக் குறையாது என்கிற வரைக்கும் இரண்டு நாள் காய வைத்தேன். மெக்கானிக்கல்காரனுக்கு அடுப்புக் கொடுத்த சிவில் டிபார்ட்மெண்ட் வாழ்க! கடைசி எடை 50 கிராம். போன தண்ணீர் 12 கிராம், உலர்ந்த எடையில் 24 சதவீதம். பூட்டும்போது இருக்க வேண்டியது 12, 13 தான்.

மீதியைத் தாளில் போட்டேன். தேக்கில் ஈரம் ஒரு சதவீதம் இறங்கினால் பலகையின் அகலம் ஏறக்குறைய 0.2 சதவீதம் சுருங்கும். 150 மி.மீ. பலகை, 12 சதவீத இறக்கம் என்றால் 3.6 மி.மீ. எட்டுப் பலகைக்குக் கிட்டத்தட்ட 29 மி.மீ. ஒரு இஞ்சுக்கு மேல்! தாளை வண்டிக்காரரிடம் காட்டினோம். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். வேறு பட்டறைக்குப் போவதாகச் சொன்னார். ஆசாரி பேசாமல் மடியிலிருந்து அட்வான்ஸ் 2000 ரூபாயை எடுத்துத் தாள் மேல் வைத்தார். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

வண்டிக்காரர் பணத்தைத் தொடவில்லை. "எத்தன நாளுங்க ஆகும்?" என்றார். அணிவகுப்புக்கு வெறும் சட்டத்தின் மேல் தார்ப்பாய் கட்டித்தான் போனார்.

பிறகு இரண்டு மாதம். பலகைகளுக்கு நடுவே ரீப்பர் வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்கி, மேலே கல் ஏற்றினோம். துண்டு அறுத்த பலகையின் மீதி 6.2 கிலோ. அதில் உலர் மரம் 5 கிலோ. 5.65-க்கு வந்தால் 13 சதவீதம். ஞாயிற்றுக்கிழமை தோறும் மளிகைக்கடைத் தராசில் அதை வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. கடைக்காரர் அரிசியை நிறுத்திவிட்டு எங்களுக்கு நிறுப்பார்.

5.65 வந்த அன்று ஆசாரி இழைப்புளியைத் தீட்டினார். பலகைகளை இழைத்து, பட்டை உட்கார ஓரம் சீவி, மேல், கீழ், பக்கம், முனை எல்லாவற்றுக்கும் ஆளிவிதை எண்ணெய் கொடுத்தார். அடிப்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டால், ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை கிண்ணமாகும். குறுக்குச் சட்டத்துக்கு ரெட் ஆக்சைடு. இனி பூட்டுவது சுலபம்தான். எட்டுப் பலகை, ஏழு பட்டை. உருண்டைத் தலையும் சதுரக் கழுத்தும் உள்ள கேரேஜ் போல்ட் பட்டையின் சதுரத் துளையில் உட்கார்ந்து, இரண்டு பலகைக்கு நடுவே இறங்கி, சட்டத்தைப் பிடிக்கும். போல்ட் 8 மி.மீ., சந்து 10 மி.மீ. பலகையில் துளையே கிடையாது, பட்டை அழுத்திப் பிடிப்பதோடு சரி. மழையில் பலகை ஒரு மில்லிமீட்டர் உப்பினாலும் போல்ட்டை முட்டாது. நட்டை எல்லாம் கையால் மட்டும் சுற்றி, மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு அளவும் ஒன்றாக வந்த பிறகே, நடுவிலிருந்து வெளியே முடுக்கினோம்.

வார்னிஷ் வேண்டாம் என்று வண்டிக்காரரே சொல்லிவிட்டார். மே மாத வெயிலில் வண்டி நட்டு முடுக்க வந்தது. ஒரு பட்டையைக் கழற்றிச் சந்தை அளந்தோம், 10.8 மி.மீ. பின்னால் இரண்டு மூட்டை தேங்காய் இருந்தது. ஆசாரி தளத்தில் முழங்காலை ஊன்றி ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவ வரும்போது எண்ணெய் வாங்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.