அம்மாவின் கை எரிச்சலும் என் ரெண்டு மார்க்கும்

நான் ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போகணும்னு அம்மா பச்சை மிளகாய்த் தொக்கு செஞ்சாங்க. ஒரு கிலோ மிளகாய், வெறுங்கையால நறுக்கினது. ராத்திரி பத்து மணிக்கு, கை எரியுதுன்னு தூங்காம உட்கார்ந்திருந்தாங்க. நான் ஐஸ் தண்ணி கொண்டுவந்து கையை முக்கச் சொன்னேன். உள்ளே இருக்கிறவரை சுகம். வெளியே எடுத்தா பழையபடி எரிச்சல்.

இத்தனைக்கும் 'லைக் டிஸால்வ்ஸ் லைக்' எழுதி ரெண்டு மார்க் வாங்கினவன் நான். எலக்ட்ரோநெகட்டிவிட்டி ஆக்சிஜனுக்கு 3.44, ஹைட்ரஜனுக்கு 2.20. அதனால் பிணைப்பு எலக்ட்ரான்களை ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் மூலக்கூறு 104.5 டிகிரியில் வளைந்திருப்பதால் இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று ரத்து செய்யாது. ஆக, தண்ணீர் போலார். மிளகாயில் எரியவைக்கும் காப்சைசினுக்கோ நீளமான ஹைட்ரோகார்பன் வால், பெரும்பகுதி நான்-போலார். தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பில் கைகோத்து நிற்கும் தண்ணீர் மூலக்கூறுகள் அதை அவ்வளவு லேசில் சேர்த்துக்கொள்ளாது.

பேப்பர்ல எழுதினது கைக்கு வரலை.

"தண்ணியில போகுமாடா அது?" பாட்டிதான் எழுந்து வந்து தேங்காய் எண்ணெயைத் தேய்ச்சுவிட்டாங்க. அப்புறம் சோப்பு. எண்ணெய் காப்சைசினைக் கரைத்தது. சோப்பு மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் தண்ணீரையும் பிடித்து வெளியேற்றியது. எரிச்சல் முழுசா போகலை, ஆனா அம்மா தூங்கிட்டாங்க.

தொக்கு ஹாஸ்டல்ல நாலே நாள்ல காலி. காரம் தாங்காம தண்ணி டம்ளரைத் தேடினவனுக்கெல்லாம் தயிரை நீட்டினேன்.